மகளுக்கு 80, அம்மாவுக்கு 29: ஒரு சப்டைட்டில் வேலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதப்போய், முதல் தடவை கோட்டைவிட்டு, மறுபடி உட்கார்ந்து எழுதிய வேலையின் பதிவு இது. இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் நடந்ததை நடந்தபடியே வரிசையாக எழுதுகிறேன். வேலை செய்தவர்கள், பார்த்தவர்கள் யார் பெயரும் இதில் வராது. படத்தின் கதை முடிவு வரைக்கும் வரும், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

படம் 2015இல் வெளிவந்த 'தி ஏஜ் ஆஃப் அடலைன்'. இயக்கியவர் லீ டோலண்ட் கிரீகர், ஓடும் நேரம் 112 நிமிடம். வயதே ஆகாத ஒரு பெண்ணின் காதல் கதை. 1908ஆம் ஆண்டு புத்தாண்டு அன்று பிறந்த அடலைனுக்குக் கல்யாணமாகி ஒரு மகள் பிறக்கிறாள். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் கட்டும் வேலையில் பொறியாளராக இருந்த கணவர் அங்கே விபத்தில் இறந்துபோகிறார். பாலம் திறந்த அதே 1937இல், பனியே விழாத பகுதியில் ஒரு ராத்திரி பனி கொட்டுகிறது, அடலைனின் கார் சறுக்கிக் குளிர்ந்த நீரில் விழுகிறது, இதயம் நின்றுபோன உடம்பில் மின்னல் பாய்ந்து உயிர் திரும்புகிறது. அதோடு வயது 29இல் நின்றுவிடுகிறது. அப்புறம் வாழ்க்கை முழுக்க ஓட்டம்தான், பத்து வருடத்துக்கு ஒரு பெயர், ஒரு ஊர். உண்மை தெரிந்த ஒரே ஆள் மகள் ஃபிளெமிங். மகள் கிழவியாகிவிட்ட காலத்தில் எல்லிஸ் என்ற இளைஞன் அடலைனைக் காதலிக்கிறான், தன் பெற்றோரின் 40ஆவது கல்யாண நாளுக்கு வீட்டுக்கு அழைத்துப் போகிறான். அங்கே அவனுடைய அப்பா வில்லியம், 1960களில் அடலைன் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டு ஓடிய காதலர்.

மாதம் ஒரு படம் திரையிடும் சிறு குழு எங்களுடையது. பார்க்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தாலும் சப்டைட்டில் ஓடும் வேகத்தில் படிக்க முடியாது என்று பலர் சொன்னதால், இந்தப் படத்துக்கு நாங்களே தமிழில் எழுதுவது என்று முடிவானது. அனுமதி வாங்கும் வேலையை ஒருங்கிணைப்பாளர் பார்த்துக்கொண்டார். இருபதுகளில் இருக்கும் ஒரு பெண் மொழிபெயர்த்தார், அவருக்கு இது முதல் படம். டைமிங்கும் சரிபார்ப்பும் என் பொறுப்பு. ஆக, கீழே சொல்லப்போகும் தவறுகளில் எனக்குச் சரிபாதி பங்கு உண்டு, வரைவைப் படித்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று அனுப்பியவன் நான்தான்.

முதல் வரைவு

வரைவு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. வசனங்கள் பேச்சுத் தமிழில், கதைசொல்லியின் பின்னணிக் குரல் மட்டும் எழுத்துத் தமிழில். எல்லிஸ் அடலைனுக்குப் பூங்கொத்து கொடுப்பதற்குப் பதிலாகப் பூப்பெயர் வரும் புத்தகங்களைக் கொடுக்கும் காட்சி ஒன்று உண்டு. 'டெய்சி மில்லர்', 'டேன்டிலையன் வைன்' என்று பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் பூ எங்கே என்று யாருக்கும் புரியாது. மொழிபெயர்ப்பாளர் 'தலைப்புலயே பூ இருக்கு, பாருங்க' என்று ஒரு துண்டைச் சேர்த்து அதைக் கரைசேர்த்திருந்தார். அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

அவர் வேலை செய்த முறை எல்லாரும் செய்வதுதான். ஆங்கில வசனக் கோப்பு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், வரி வரியாகப் போவது. ஆங்கிலத்தில் யாரை யார் அழைத்தாலும் 'யூ' ஒன்றுதான். தமிழில் ஒவ்வொரு இடத்திலும் நீயா, நீங்களா என்று முடிவெடுத்தாக வேண்டும், அதை அவர் திரையில் தெரியும் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தார். கிழவி இளம்பெண்ணிடம் பேசினால் 'நீ'. இளம்பெண் கிழவரிடம் பேசினால் 'நீங்க'. காதலன் 'நீ', காதலி 'நீங்க'. யோசிக்காமலே கை போகிற வழி அது. நானும் யோசிக்காமலே படித்தேன்.

முதல் சோதனைத் திரையிடல்

பொதுத் திரையிடலுக்கு மூன்று வாரம் முன்னால் பதினொரு பேரை உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தோம். கதை தெரியாதவர்களாகப் பார்த்து அழைத்திருந்தோம். நான் பின்னால் உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபிளெமிங் முதன்முதலில் வயதானவராக வந்து அடலைனுடன் பேசும் காட்சியில்தான் சிக்கல் தெரிந்தது. ஃபிளெமிங்காக நடித்த எலன் பர்ஸ்டின் 1932இல் பிறந்தவர், அடலைனாக நடித்த பிளேக் லைவ்லி 1987இல் பிறந்தவர். எண்பது தாண்டிய அம்மையார் இருபத்தேழு வயதுப் பெண்ணை 'அம்மா' என்று கூப்பிடுகிறார், அதுதான் அந்தக் காட்சியின் உயிர். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் விழுந்ததும் தூக்கிவாரிப் போடும். எங்கள் கூடத்தில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒருத்தர் கூட நிமிர்ந்து உட்காரவில்லை.

படம் முடிந்ததும் கேட்டோம். பதினொரு பேரில் ஐந்து பேர் ஃபிளெமிங்கை வேறு யாரோ என்று நினைத்துத்தான் பாதிப் படம் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கு அவர் பாட்டி, ஒருவருக்கு அடலைனின் பழைய தோழி, ஒருவருக்கு விவரம் தெரிந்த பக்கத்து வீட்டு அம்மா. ஐந்தாவது ஆள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவர் சொன்னதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"அந்தப் பாட்டிக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு நெனச்சேன். பேத்தியைத் தன்னோட அம்மான்னு நெனச்சுப் பேசறாங்க போலன்னு. எங்க வீட்டுலயும் அப்படித்தான், எங்கம்மா என்னைத்தான் அம்மான்னு கூப்பிடறாங்க, ரெண்டு வருஷமா."

கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மொழிபெயர்ப்பாளர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

வேறு சில குறைகளும் வந்தன. வயது நின்றுபோனதற்கான அறிவியல் காரணத்தை விளக்கும் கதைசொல்லி, அந்த விதி 2035இல்தான் கண்டுபிடிக்கப்படும் என்கிறார். அது கற்பனை விதி, படம் வேண்டுமென்றே எதிர்காலத்தில் வைத்திருக்கிறது. ஆனால் இரண்டு பேர் ஆண்டு தப்பாக அச்சாகியிருக்கிறது என்று குறித்துக் கொடுத்தார்கள். எங்கள் வரைவில் 'கண்டுபிடிக்கப்பட்ட விதி' என்று இருந்தது, அதனால் வந்த வினை. 'இனிமேல் 2035இல் கண்டுபிடிக்கப்படப்போகும் விதி' என்று மாற்றியதோடு அது தீர்ந்தது.

என்ன தவறு என்று தேடியது

என் வேலை டைமிங் என்பதால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போனது. வரி பிந்தி வந்து, யார் பேசுகிறார்கள் என்பது குழம்பியிருக்குமோ? கோப்பை எடுத்து அந்தக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். டைமிங் சரியாகத்தான் இருந்தது.

அடுத்து, படத்தின் முன்பகுதியைப் பார்த்தேன். ஒரு மகள் இருக்கிறாள் என்பதைப் பின்னணிக் குரல் முன்பே சொல்லிவிடுகிறது, படமும் காட்டிவிடுகிறது. அப்படியிருந்தும் ஐந்து பேருக்கு ஏன் அது நிற்கவில்லை? இங்கே ஒரு காரணம் கிடைத்தது. கதைசொல்லி நிறுத்தாமல் பேசுகிறார், எங்கள் எழுத்துத் தமிழ் வரிகள் நீளம், இரண்டு வரி முழுக்க நிரம்பி மூன்று விநாடியில் போய்விடுகின்றன. பெரியவர்கள் எழுத்தை விரட்டிக்கொண்டிருந்ததில் படத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தவர்கள் எழுத்தை விட்டுவிட்டார்கள்.

இதில் மென்பொருள் வேறு ஒரு கோளாறு செய்கிறது. நாங்கள் வரிக்கு 42 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தோம், ஆனால் மென்பொருள் எண்ணுவது நம் எழுத்தை அல்ல, யூனிகோடு குறிகளை, அதாவது மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. 'நீ வந்தாய்' என்பதற்கு இடைவெளியோடு 10 என்று காட்டும், 'நீங்கள் வந்தீர்கள்' என்பதற்கு 18. மரியாதை கூடக்கூட வரி நீள்கிறது. வரம்புக்குள் அடக்க வேண்டுமே என்று மொழிபெயர்ப்பாளர் பல இடங்களில் 'நீங்க'வை வெட்டி 'நீ' ஆக்கியிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. அவரை அப்படிச் செய்யவைத்தது நான் கொடுத்த அந்த 42தான்.

ஆனால் மூல காரணம் இது எதுவும் இல்லை. அது அந்த 'அம்மா' என்ற சொல்லிலேயே இருந்தது.

தமிழில் 'அம்மா' பெற்றவளுக்கு மட்டும் உரிய சொல் இல்லை. மகளை, மருமகளை, பேத்தியை, முன்பின் தெரியாத சின்னப் பெண்ணைக் கூட 'வாம்மா', 'சொல்லும்மா', 'என்னம்மா வேணும்' என்றுதான் பெரியவர்கள் கூப்பிடுகிறார்கள். வயதில் மூத்தவர் வாயில் வந்தால் அது வாஞ்சை, இளையவர் வாயில் வந்தால் உறவோ மரியாதையோ. எங்கள் வரைவில், மகள் தனக்கு வயதாகிவிட்டதைச் சொல்லும் இடத்தில் 'எனக்கும் வயசாகுதில்லம்மா' என்று இருந்தது. எண்பது வயது முகம் அதைச் சொல்கிறது, எதிரே இருபத்தொன்பது வயது முகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பாட்டி பேத்தியிடம் அலுத்துக்கொள்கிற பேச்சு அது, தினமும் காதில் விழுகிற பேச்சு. இலக்கணப்படி ஒரு பிழையும் கிடையாது. ஆனாலும் படம் எந்தச் சொல்லை வைத்து ரகசியத்தைத் திறக்கிறதோ அதே சொல்லை வைத்து நாங்கள் அதை மூடிவிட்டோம்.

கூடவே 'நீ' வேறு. பெற்ற அம்மாவை 'நீ' என்று கூப்பிடும் வீடுகள் ஏராளம், அதனால் மகள் வாயில் 'நீ' வந்தது மொழிபெயர்ப்பாளருக்கு உறுத்தவே இல்லை. ஆனால் கிழவி இளம்பெண்ணிடம் சொல்லும் 'நீ'யும் அதே 'நீ'தான். இரண்டும் சேர்ந்து உறவைத் தலைகீழாகக் காட்டிவிட்டன.

எடுத்த முடிவுகள்

மூன்று பேரும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பேசினோம். முதல் முடிவு, வரி வரியாகத் திருத்துவதை நிறுத்துவது. ஒரு தாளில் பாத்திரங்களைக் கட்டம் போட்டு எழுதினோம்: யார் யாரை எப்போது என்ன சொல்லி அழைப்பார், தனியாக இருக்கும்போது எப்படி, நாலு பேர் முன்னால் எப்படி, எந்தக் காட்சியில் மாறும். முகத்தை மறந்துவிட்டு, அவரவர் மனதில் இருக்கும் உறவை வைத்து எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். அந்தத் தாள் முடிந்த பிறகுதான் கோப்பைத் திறந்தோம்.

மகள் அம்மாவைத் தனிமையில் 'நீங்க' என்றே அழைப்பது என்று முடிவு செய்தோம். இதில் ஒருங்கிணைப்பாளருக்கு உடன்பாடில்லை. பெற்ற தாயை யார் நீங்க என்கிறார்கள், அந்நியமாக இருக்கிறது என்றார். சொல்லும் வீடுகளும் உண்டுதான். ஆனால் நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. எண்பது வயது அம்மையார் ஒரு சின்னப் பெண்ணை 'நீங்க' என்றால் கேட்கிறவருக்கு உறுத்த வேண்டும். ஆங்கிலத்தில் 'அம்மா' என்ற சொல் தந்த அதிர்ச்சியைத் தமிழில் அந்த உறுத்தல்தான் தர முடியும். பதிலுக்கு அடலைன் மகளை 'நீ', 'கண்ணு' என்பார். வேற்றாள் பக்கத்தில் இருந்தால் இரண்டும் புரண்டுவிடும், மகள் பாட்டி வேஷம் போட்டு 'நீ' என்பார்.

'எனக்கும் வயசாகுதில்லம்மா' என்பது 'உங்க பொண்ணுக்கு வயசாயிடுச்சும்மா' என்று மாறியது. மூலத்தில் 'உங்க பொண்ணு' என்று தனியாக இல்லை, நாங்கள் சேர்த்தது. இப்படிச் சேர்ப்பது சரியா என்று ரொம்ப நேரம் பேசினோம். மூலத்தில் ஒரு சொல் செய்த வேலையைத் தமிழில் அந்தச் சொல் செய்யாதபோது வேறு சொல்லைக் கொண்டு செய்யத்தான் வேண்டும் என்பது என் எண்ணம், இப்போதும் அதில் மாற்றமில்லை.

எல்லிஸ், அடலைன் விஷயத்தில் 'அவன் நீ, அவள் நீங்க' என்ற சினிமா வழக்கத்தை எடுத்துவிட்டோம். 1908இல் பிறந்தவர் முப்பது சொச்சம் வயதுப் பையனை எதற்காக 'நீங்க' என்று கொண்டாட வேண்டும்? தொடக்கத்தில் இரண்டு பேருமே 'நீங்க'. நகரத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும் பழைய கப்பலைக் காட்ட அவன் அவரைக் கூட்டிப்போன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து 'நீ'க்கு மாறுவார்கள். (சான் பிரான்சிஸ்கோவுக்கு அடியில் தங்க வேட்டைக் காலத்துக் கப்பல்கள் நிஜமாகவே புதைந்து கிடக்கின்றன, 1978இல் கட்டட வேலையின்போது 'நயான்டிக்' என்ற கப்பல் வெளிப்பட்டது. பார்த்தவர்கள் கேட்டதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.)

கதைசொல்லி அடலைனை 'அவள்' என்று சொல்வதா, 'அவர்' என்று சொல்வதா? முதல் வரைவில் 'அவள்'. நூறு வயது தாண்டியவரை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை, படம் முழுக்க 'அவர்' ஆக்கினோம். பின்னணிக் குரலின் வரிகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம். மகள் பற்றிய ஒரு வரியை மட்டும் தனியாகப் பிரித்து, முன்னும் பின்னும் இடம் விட்டு, நான்கு விநாடி நிற்கவைத்தோம்.

வில்லியம் வரும் காட்சிகள்

இதற்குத்தான் அதிக நேரம் போனது, இங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டதும்.

ஹாரிசன் ஃபோர்டு நடித்த வில்லியம் கதவு திறந்ததும் மகனோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து 'அடலைன்' என்கிறார். அது என் அம்மா, இறந்துவிட்டார் என்று அடலைன் சமாளிக்கிறார். மேலுக்குப் பார்த்தால் எழுபது வயதுக்காரர் ஒருவர் மகனின் தோழியிடம் பேசுகிறார், ஆகவே 'வாம்மா, உட்காரும்மா, நீ எங்க வேலை பார்க்கிறே' என்று முதல் வரைவு போயிருந்தது. வழக்கப்படி சரி. ஆனால் இந்த வழியில் போனால் பின்னால் ஒரு பெரிய காட்சி வீணாகிவிடும். வில்லியம் அடலைனின் கையில் இருக்கும் தழும்பைப் பார்க்கிறார். பல வருடம் முன்னால் அந்தக் காயத்துக்குத் தையல் போட்டவரே அவர்தான். அந்தத் தழும்பை வைத்துத்தான் இவர் அடலைனின் மகள் இல்லை, அடலைனேதான் என்று கண்டுபிடித்துப் போய் நேருக்கு நேர் கேட்கிறார். அங்கே அவர் பழைய காதலனாகப் பேசியாக வேண்டும், அந்தக் காதலன் சொல்வதும் 'நீ'தான். பெரியவர் சின்னப் பெண்ணைச் சொல்லும் 'நீ'க்கும் காதலன் காதலியைச் சொல்லும் 'நீ'க்கும் எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. தொடக்கத்திலிருந்தே 'நீ' என்று வந்திருந்தால் அந்த நொடியில் மாறுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

அதனால் வில்லியமை முதலில் விருந்தாளியிடம் பேசுகிறவராக ஆக்கினோம். 'வாங்க, உட்காருங்க'. மகன் முதல்முறை கூட்டிவந்த பெண், படித்த மனிதர், அப்படிப் பேசுவது பொருந்தும். 'ம்மா' என்பதை அவர் வாயிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டோம். தழும்புக் காட்சி வரைக்கும் நீங்க, நீங்க, நீங்க. அங்கே முதல்முறையாக 'நீ'.

அடலைன் என்ன சொல்வார்? வீட்டுக்கு வந்த பெண்ணாக அவரும் அதுவரை 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். பழைய நாட்களைக் காட்டும் காட்சிகளில், இளம் வில்லியமாக ஆண்டனி இங்ரூபர் வரும் இடங்களில், அவரும் 'நீ' என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பழைய 'நீ' எந்த வரியில் திரும்ப வர வேண்டும்? நான் காட்சி முழுக்க என்றேன். மொழிபெயர்ப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வரியில் வரட்டும், மறுக்க முடியாமல் உடைந்துபோகும் வரியில், மற்றதில் அவருக்கு வாய் வராது, இத்தனை வருடம் பொய் சொல்லிப் பழகிய வாய் என்றார். அவர் சொன்னதுதான் சரி. அப்படியே வைத்தோம்.

இரண்டாம் சோதனையும் திரையிடலும்

இரண்டாம் முறை ஒன்பது பேர், அதில் ஐந்து பேர் புதியவர்கள். ஃபிளெமிங் 'நீங்க' என்றதும் முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரியில் 'உங்க பொண்ணுக்கு' என்று வந்ததும் பின்னாலிருந்து 'அய்யோ' என்று ஒரு குரல். எனக்கு அது போதும். கேட்டபோது புதியவர்கள் ஐந்து பேருக்குமே உறவு புரிந்திருந்தது.

புதிதாக ஒரு குறை வந்தது. ஒரு பெண்மணி, மகளுக்கு அம்மா மேல் கோபம் போல, விட்டுவிட்டு ஓடினதால் மனசு விலகிவிட்டது போல என்று நினைத்திருந்தார். 'நீங்க' அவருக்குத் தூரமாகக் கேட்டிருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் சொன்னது பலித்துவிட்டது. சரி என்று, முதல் காட்சி தவிர மற்ற காட்சிகளில் மகளின் பேச்சில் கொஞ்சம் கொஞ்சல் சேர்த்தோம், 'நீங்க'வை மாற்றவில்லை. இது முழுத் தீர்வு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

தழும்புக் காட்சியில் 'நீ' விழுந்தபோது கூடமே அடங்கிப்போனது. அதற்குப் பிறகு, முன்பு முதல் சோதனையிலும் வந்திருந்த எழுபது தாண்டிய ஒருவர் பேசினார். கல்யாணத்திலிருந்து தப்பிக்க இளமையிலேயே கிழவியாக்கும்படி பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட ஔவையின் கதையைச் சொல்லி, அவள் மூப்பு கேட்டு வாங்கிக்கொண்டு ஊரெல்லாம் நிம்மதியாக நடந்தாள், இவள் மூப்பு வராமல் ஊர் ஊராக ஒளிந்து திரிகிறாள் என்றார். 'என்றும் பதினாறு' என்று நாங்கள் அறிவிப்பில் போட்டிருந்த வாசகத்தை எடுத்துவிடச் சொன்னதும் அவர்தான். மார்க்கண்டேயனுக்கு அது வரம், இந்தப் பெண்ணுக்கு அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டார். அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

பொதுத் திரையிடல் நல்லபடியாக நடந்தது. நாய் சாகும் காட்சியில், ஒரு வரி சப்டைட்டில் கூட இல்லாத நேரத்தில், பாதிப் பேர் அழுதார்கள். அம்மாவின் ஞாபகம் போனதைச் சொன்ன அந்தப் பெண் இந்த முறையும் வந்திருந்தார். படம் முடிந்து மொழிபெயர்ப்பாளரிடம் வந்து, "இப்ப புரிஞ்சுது. ஆனா நான் மொத தடவை பாத்த படமும் எனக்குப் பிடிச்சுது" என்றார்.

அடுத்த முறை மாற்றுவது

உறவுத் தாளை முதல் வரி எழுதும் முன்பே போட்டுவிடுவோம். இந்த முறை அது மூன்று வாரம் தாமதமாக வந்தது, அதில் ஒன்றரை வாரம் வீண் வேலை. எழுத்து வரம்பை மென்பொருள் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல மாட்டேன். சத்தமாகப் படித்துப் பார்த்து, படத்தோடு நேரம் ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் இனி அளவு. வரைவைப் படிக்க அறுபது வயதுக்கு மேல் ஒருவர் கட்டாயம் வேண்டும், 'அம்மா'வின் சிக்கலை அவர் முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பார்.

முடிவுக் காட்சி ஒன்று பாக்கி. மறுபடி ஒரு விபத்து நடந்து, உயிர் மீட்கும் மின்அதிர்ச்சியில் அடலைனுக்கு வயது மறுபடி ஓடத் தொடங்குகிறது. ஒரு வருடம் கழித்துக் கண்ணாடி முன் நிற்கும்போது தலையில் ஒரு நரைமுடியைப் பார்க்கிறார். சோதனையில் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த முடி தெரியவில்லை, ஏன் அவர் முகம் அப்படி மலர்கிறது என்று கேட்டார்கள். 'நரைமுடி' என்று கீழே ஒரு சொல் போடலாம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். படம் காட்டுவதை எழுதிக் காட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்து அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். பொதுத் திரையிடலிலும் பின்வரிசைக்குத் தெரியவில்லை. அம்மாவின் ஞாபகம் போனதைச் சொன்ன அந்தப் பெண்தான் பக்கத்தில் இருந்த பாட்டியின் காதில் 'நரைச்சிருக்கு, ஒரே ஒரு முடி' என்று சொன்னார். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். அந்த இடத்தை இப்போதும் வெறுமையாகத்தான் வைத்திருக்கிறேன். நாற்காலிகளை மட்டும் அடுத்த முறை இரண்டு வரிசை முன்னால் இழுத்துப் போடுகிறோம்.